சந்தனமாரி சொல்லாத பத்து

பத்தாவது சுற்று முடிந்து, பாட்டரி தீர்ந்து, மோட்டார் அடங்கிய பிறகும் மெட்டில்டாவின் விமானம் தரையிறங்கவில்லை என்பதில் சூசையளத்தில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. மெட்டில்டாவுக்கும் ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பால் காய்கிறவரை அடுப்படியில் நிற்கப் பொறுக்காமல் துணி காயப்போடப் போய், இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் பாதிப் பாலை அடுப்புக்கே ஊட்டியவள் அவள். கான்வென்ட்டில் படித்த பத்து வருஷமும் அவளுடைய ரிப்போர்ட் கார்டில் ஆங்கிலம் ஏ, கணக்கு ஏ, தையல் பி, பொறுமை சி என்றே வந்தது. பொறுமைக்கு மார்க் போடுகிற பள்ளிக்கூடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும், அதில் போய் அவளைச் சேர்த்துவிட்டார் அவளுடைய அப்பா.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் எங்கே முடிகிறது உப்பு எங்கே தொடங்குகிறது என்று காக்கைக்கும் தெரியாத ஊர் சூசையளம். அங்கே கைவிடப்பட்ட ஒரு பெரிய உப்பளம், பாத்தி வரப்பெல்லாம் கரைந்து, தாம்பாளம் போல் மட்டமாக, ஒரு மரம் மட்டை இல்லாமல் கிடந்தது. மின்சார மாதிரி விமானங்களுக்கான சர்வதேசக் கம்பப் பந்தயம் அந்த வருஷம் அங்கே நடந்ததற்குக் காரணம் அந்த மட்டம்தான். பன்னிரண்டு நாட்டுக்காரர்கள் பெட்டி பெட்டியாக விமானம் கொண்டுவந்து இறங்கினார்கள். மூன்று கம்பம் நட்டிருக்கும். இரண்டு பக்கத்தில் பக்கத்தில், ஒன்று இருநூறு மீட்டர் தள்ளி. கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான விமானத்தைக் கையால் வீசிவிட்டு, கழுத்தில் தொங்குகிற ரிமோட்டால் அந்த மூன்று கம்பத்தையும் வெளிப்பக்கமாகப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். கம்பத்தைத் தாண்டுவதற்கு முன்னாலேயே உள்பக்கமாகத் திருப்பிவிட்டால் தப்பு. சுற்றுக்கு ஆறு வினாடி. ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகிற விளையாட்டு என்பதால்தான் மெட்டில்டாவுக்கு அது பிடித்துப்போனது. கிரிக்கெட் பார்க்கிறவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

பதினொரு வருஷமாக விமானம் ஓட்டியது அவள் புருஷன் ரெமிஜியஸ், துறைமுகத்தில் கிரேன்களுக்குக் கரண்ட் வேலை பார்க்கிறவர். அவள் பக்கத்தில் நின்று கத்துகிறவள். ஓட்டுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து விமானம் தூரத்துக் கம்பத்தைத் தாண்டிவிட்டதா என்று தெரியாது, பக்கத்தில் நிற்பவர்தான் பார்த்து “இப்ப!” என்று குரல் கொடுக்க வேண்டும். மெட்டில்டாவின் “இப்ப” எப்போதும் ஒரு நூல் முந்தி வரும். அந்த ஒரு நூலால் பதினொரு வருஷமும் நாலாவது இடத்துக்கு மேலே போனதில்லை. அதைப் பற்றி ரெமிஜியஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுவும் அவளுக்கு எரிச்சல். முடிவுப் பலகையில் பெரிய எழுத்தில் ரெமிஜியஸ் என்று இருக்கும், அதன் கீழே சின்ன எழுத்தில் ‘உதவி: ஒருவர்’ என்று இருக்கும். அந்த ஒருவருக்கு ஒரு பெயர் உண்டு என்று எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் ரெமிஜியஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ரிமோட் அவள் கழுத்துக்கு வந்தது, குரல் கொடுக்கிற வேலை அவருக்குப் போனது. ரெமிஜியஸ் எதையும் மென்று முழுங்கிச் சொல்கிறவர்; அவருடைய “ம்... இப்ப” ஒரு நூல் பிந்தி வரும். அவருடைய பிந்தலும் அவளுடைய முந்தலும் சேர்ந்து, எத்தனையோ வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக, சரியான நேரத்துக்கு வந்து நின்றது. இறுதிப் போட்டியில் மூன்று பேர் பறக்கவிட்டார்கள். ஜப்பான்காரர் ஒருவர், செக் நாட்டு ஹவ்லிக், மெட்டில்டா. ஹவ்லிக்கை விட முக்கால் வினாடி முந்தி அவள் கோட்டைத் தாண்டினாள். மற்ற இரண்டும் இறங்கின. அவளுடையது இறங்கவில்லை.

காரணம் உடனே தெரிந்துவிட்டது. தூரத்துக் கடைக்கம்பத்தில் சுற்று எண்ண ஆள் போதவில்லை என்றபோது, வெயிலுக்கு அசராத கண் வேண்டும் என்று உப்பளத் தொழிலாளி சந்தனமாரியைக் கூட்டிவந்தது மெட்டில்டாதான். வாக்கிடாக்கியில் சந்தனமாரி முதல் சுற்றுக்கு “லாபம்” என்றபோது, நெட்டையான டச்சுக்காரத் தலைமை நடுவர் புருவத்தை உயர்த்தினார். “ஒன்றுக்கு இங்கே அப்படித்தான்” என்று மெட்டில்டா ஆங்கிலத்தில் அவர் வாயை அடைத்தாள். ரெண்டு, மூணு, நாலு என்று சரியாக வந்தது. ஒம்பதும் வந்தது. அடுத்து பத்து வரவேண்டிய இடத்தில், வாக்கிடாக்கி கரகரத்து, “வளரும்” என்றது.

மெட்டில்டா ரிமோட்டோடு கடைக்கம்பத்துக்கு ஓடினாள். மேலே விமானம் மோட்டார் சத்தமில்லாமல், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு ‘ஸ்ஸ்’ஸோடு, ஆறு வினாடிக்கு ஒரு சுற்று போய்க்கொண்டிருந்தது.

“ஏ சந்தனமாரி, பத்துன்னு சொல்லு.”

“மாட்டேம்மா.”

“ஏன்ளா?”

“அளத்துல கடைசிச் சொமைய எண்ணி முடிக்கப்படாது. ஒண்ண லாபம்போம், கடைசிய வளரும்போம். பத்துன்னு வாயத் தொறந்து முடிச்சா உப்பு அம்பாரம் அன்னைக்கோட செத்துப்போவும். எங்க ஆத்தா முடிச்சதில்ல. அவ ஆத்தாளும் முடிச்சதில்ல.”

“இது உப்பு இல்லளா, ஏரோப்பிளேன்!”

“எண்ணுத வாய் ஒண்ணுதானம்மா.”

மெட்டில்டாவும் அந்த ஊர்க்காரிதான். பிறந்ததிலிருந்து சூசையளத்து உப்பைத் தின்கிறாள், அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தலைமை நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மூன்று கம்பத்திலும் எண்ணுகிறவர்கள் சுற்றை முடித்துச் சொல்ல வேண்டும், விமானம் சேதமில்லாமல் சுண்ணாம்புக் கோட்டுக்குள் தரை தொட வேண்டும். அதுவரை பந்தயம் முடியவில்லை, எண்ணுகிறவர் கம்பத்தை விட்டும் ஓட்டுகிறவர் ரிமோட்டை விட்டும் நீங்கக் கூடாது. அவருக்கும் மற்றவர்களுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு விமான டிக்கெட் இருந்தது. எனவே ஞாயிறு மாலை ஐந்து மணிவரை பார்ப்பது, இறங்காவிட்டால் கோப்பையும் பலகையின் முதல் வரியும் ஹவ்லிக்குக்கு என்று முடிவாயிற்று. “இடைப்பட்ட நாளில் இங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும்?” என்று மட்டும் ஹவ்லிக் கேட்டார்.

முதல் நாள் ஊரே கூடி, கோயில் மைக்கைக் கொண்டுவந்து வைத்து “பத்து! பத்து!” என்று கத்திப் பார்த்தது. விமானம் காதில் வாங்கவில்லை. எண்ணத் தொடங்கினவள் எவளோ அவள் வாய்க்குத்தான் அது கட்டுப்படும் என்று தெரிந்ததும் ஊர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனது, போகிறபோது விமானத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. மறுநாளே டீக்கடை சண்முகக்கனி அதைப் பார்த்து முட்டை அவிக்கத் தொடங்கினார், முப்பது சுற்று என்றால் அரைவேக்காடு, தொண்ணூறு என்றால் முழு வேக்காடு, அதற்கு முன் அவர் முட்டை ஒருநாளும் ஒன்றுபோல் வெந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். சூசையப்பர் கோயில் சாமியாருடைய பிரசங்கத்துக்கு நூறு சுற்று என்று சபை தனக்குள் பேசிவைத்துக்கொண்டு, நூற்றொன்றாவது சுற்றில் எல்லோரும் ஒருசேர இருமினார்கள், சாமியார் நல்லவர், “பிதா சுதன்” என்று முடித்துவிட்டார். ஆலாப் பறவைகள் இரண்டு நாள் தூர நின்று கடுப்பாகக் கத்திவிட்டு மூன்றாம் நாள் விமானத்தின் பின்னால் வரிசை கட்டின. விமானத்தின் காற்று பட்ட பக்கத்துப் பாத்திகளில் உப்பு இரண்டு நாள் முந்தியே பூத்தது, பூத்த கல் ஒவ்வொன்றும் மூன்று முனையாக இருந்தது, அதைக் கையில் வாங்கிப் பார்த்த ஜப்பான்காரர்கள் குடையை மடக்கிவிட்டு ஒருதரம் குனிந்து வணங்கினார்கள். தூங்காத பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கிவந்து காட்டினால் நாலு சுற்றில் கண் சொருகியது. பிள்ளை தூங்கிய பிறகும் தாய்மார்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். ஹவ்லிக் தூத்துக்குடி முந்திரி மக்ரூன் தின்னப் பழகி, ஒரு சுற்றுக்கு ஒன்று என்று பந்தயம் கட்டித் தோற்று, இரண்டு நாள் இளநீரோடு படுத்தார்.

இவ்வளவும் நடக்க, மெட்டில்டா மட்டும் கழுத்தில் ரிமோட்டோடு மீன் அரிந்தாள், ரிமோட்டோடு துணி துவைத்தாள், ரிமோட்டோடு நற்கருணை வாங்கினாள். ரிமோட்டுக்குச் சார்ஜ் ஏறும்போது அதன் ஒயர் நீளத்துக்கு அடுப்படியில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றாள்.

“இறக்கித்தான் என்ன செய்யப் போறிய?” என்றார் சண்முகக்கனி. “அது பாட்டுக்குச் சுத்திட்டுப் போவட்டுமே. நல்லதாத்தான இருக்கு.”

“உம்ம முட்டை வேகணும்னு நான் பதினொரு வருஷம் வெயில்ல நின்னேனாக்கும்?”

“கோவிக்காதீங்கம்மா. பேப்பர்ல கூட நம்ம ஊர் பேரு வந்திருக்கு.”

“ஊர் பேரு வரும். பலகையில எம்பேரு வருமா?”

சண்முகக்கனி சர்க்கரை போடுகிற கரண்டியைக் கீழே வைத்தார். அவள் உண்மையில் எதைக் கேட்கிறாள் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. அன்று முதல் அவள் டீக்கு இஞ்சி கூடுதலாக விழுந்தது.

தினமும் காலையில் சண்டை பிடிப்பதற்காக மெட்டில்டா கடைக்கம்பத்துக்குப் போனாள். வெறுங்கையோடு சண்டைக்குப் போவது மரியாதையில்லை என்பதால் தூக்குவாளியில் ஏதாவது இருக்கும். முதல் நாள் சாளைக் குழம்பு, அடுத்த நாள் கணவாய். கம்பத்தை விட்டு நகரக் கூடாத சந்தனமாரி ஓலைக்குடைக்கு அடியில் உட்கார்ந்து, கஞ்சியில் குழம்பைத் தொட்டுக்கொண்டு, குற்றம் சொன்னாள்.

“புளி தூக்கலா இருக்கும்மா.”

“பத்து சொல்லு, நாளைக்குக் குறைக்கேன்.”

“புளியே இருக்கட்டும்.”

நாலாம் நாள் மெட்டில்டா திட்ட மறந்துபோய் அவளுடைய மகள் பிரசவத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீடு திரும்பியதும் ஞாபகம் வந்து, திட்டுவதற்காகவே திரும்பவும் அவ்வளவு தூரம் நடந்தாள். ஆறாம் நாள் சந்தனமாரி அவளுக்குக் காலுக்குத் தடவ எண்ணெய் வைத்திருந்தாள். உப்பு வெடிப்பு எப்படி இருக்கும் என்று மெட்டில்டாவின் குதிகால் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றரை மணிக்கே தலைமை நடுவர் சட்டையைப் பேண்டுக்குள் செருகிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார். பலகை துடைத்து வைக்கப்பட்டிருந்தது, முதல் வரி காலி. ரெமிஜியஸ் கட்டுப்போட்ட கையோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றார். மெட்டில்டா கடைக்கம்பத்தில், ஏழு நாளாகச் சொன்னதை எட்டாம் நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சந்தனமாரி, கடைசியாக் கேக்கேன். ஒரே ஒரு வார்த்தை.”

சந்தனமாரி அவளைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்தாள். கடலுக்கு மேலே, அந்தப் பருவத்தின் முதல் மேகம், அடிப்பிடித்த சட்டியின் அடிபோல் கறுத்து எழும்பிக்கொண்டிருந்தது.

“ஏ யம்மா! அம்பாரம் தொறந்து கெடக்கே!”

சுற்றுக்கு ஒருதரம் அசைக்கிற கொடியை மெட்டில்டாவின் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள். கம்பத்துக்கு ஐம்பதடியில், பக்கத்து அளத்தில், அந்த வருஷத்து உப்பெல்லாம் வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மழைக்கு முன் பனையோலைக் கீற்றால் மூடாவிட்டால் எட்டு மாச வெயில் ஒரு மணி நேரத்தில் கடலுக்குத் திரும்பிப் போய்விடும். பெண்கள் நாலா பக்கத்திலிருந்தும் ஓடிவந்தார்கள், போதவில்லை. மெட்டில்டா ஒரு கையில் கொடி, கழுத்தில் ரிமோட், பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கீற்றைத் தூக்க இரண்டு பேர் தடுமாறுவதை அவளால் எவ்வளவு நேரம்தான் பார்க்க முடியும்?

“அப்படியா பிடிக்கிறது? நுனியப் பிடிளா, நுனிய! தள்ளு, இங்க கொண்டா!”

ரிமோட்டை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு அம்பாரத்தில் ஏறிவிட்டாள். ஏறியவள் சும்மா இருப்பாளா, மேலே நின்றுகொண்டு ஆங்கிலத்தில் ஒரு சத்தம் போட்டாள், கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் பிரேயருக்கு வரிசை கட்டச் சொல்லிப் போடுகிற அதே சத்தம். ஜப்பான்காரர்கள் குடையைப் போட்டுவிட்டு வந்தார்கள். தலைமை நடுவர், யார் கம்பத்தை விட்டு நகர்ந்தது என்று பார்க்காமல், செருகிய சட்டை வெளியே வர ஓடிவந்தார். ஐந்து மணிவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே கோப்பை கிடைத்துவிடும் என்று நன்றாகத் தெரிந்த ஹவ்லிக், எல்லோரையும் விடப் பெரிய கீற்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்காக அவரை ஊர் இன்றுவரை நல்ல வார்த்தையால்தான் பேசுகிறது.

நாலே முக்காலுக்குக் கடைசிக் கீற்று விழுந்தது. சந்தனமாரி அதன் மேல் கல்லை வைத்து, பிள்ளையைத் தட்டுவது போல் இரண்டு தட்டுத் தட்டி, “உறங்கு ராசாத்தி. தையில எழுப்புதேன்” என்றாள்.

மெட்டில்டா இறங்கப்போனவள் அப்படியே நின்றாள்.

“என்ன சொன்ன?”

“உறங்கச் சொன்னேம்மா. வருசா வருசம் சொல்லுததுதான்.”

“இத அதுக்கிட்ட சொன்னா என்ன?”

சந்தனமாரி அண்ணாந்து பார்த்தாள். விமானம் ஒரு சுற்று போய் வந்தது, பின்னாலேயே ஆலாக்கள். “முடிக்கப்படாதுன்னுதான் இருக்கு,” என்றாள் மெதுவாக. “உறங்க வைக்கப்படாதுன்னு யாரும் சொல்லல.”

“இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“நீங்க கேக்கலயே. பத்து சொல்லு, பத்து சொல்லுன்னுல்லா நின்னிய.”

இரண்டு பேரும் ஓடினார்கள், ஒருத்தி கம்பத்துக்கு, ஒருத்தி ரெமிஜியஸுக்குப் பக்கத்தில். சந்தனமாரி வாக்கிடாக்கியை எடுக்கவில்லை, கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னாள்: “சுத்துனது போதும் ராசா. உறங்கு.”

‘ஸ்ஸ்’ நின்றது. எட்டு நாளாகக் காதோடு இருந்த சத்தம் நின்றதும் ஊருக்கே ஒரு கணம் தலை சுற்றியது. மேலே இப்போது இருந்தது ஒன்றரைக் கிலோகூடத் தேறாத, பாட்டரி செத்த, வெறும் விமானம். மோட்டார் இல்லை, மழைக்காற்று எதிரே, சுண்ணாம்புக் கோடு இந்தப் பக்கம். மூக்கை அவசரப்பட்டுத் தூக்கினால் நடுவழியில் பக்கத்துப் பாத்தியின் உப்புத் தண்ணீரில் விழும். மெட்டில்டா கட்டைவிரலை ரிமோட் குச்சியில் வைத்துவிட்டாள்.

“இப்பங்களா?”

“இல்ல.”

“விழுதுங்க.”

“விழல. பொறு.”

“எம்புட்டு நேரம்?”

“ம்...” என்றார் ரெமிஜியஸ்.

வாழ்க்கையில் எந்தப் பாலுக்கும் நிற்காதவள் அந்த ஒரு ‘ம்’முக்கு நின்றாள். விமானம் வரப்புக்கு மேலே வந்தது, தண்ணீருக்கு மேலே வந்தது, தன் நிழலைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தது. அவள் மூச்சையும் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப.”

இரண்டு நூல் அளவு இழுத்தாள். அது கோட்டுக்குள் வந்து, வயிற்றால் வழுக்கி, அவள் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மணி நாலு ஐம்பத்தேழு. முதல் மழைத்துளி தலைமை நடுவரின் விதிப்புத்தகத்தின் மேல் விழுந்தது.

அவர் அதைத் துடைத்துவிட்டு, முடிவுத்தாளோடு சந்தனமாரியிடம் வந்தார். முதல் கம்பத்துக்காரர் பத்து, இரண்டாம் கம்பத்துக்காரர் பத்து, மூன்றாம் கட்டம் எட்டு நாளாகக் காலி.

“பத்து?” என்றார், அந்த ஒரு தமிழ் வார்த்தையை மெட்டில்டா புண்ணியத்தில் படித்திருந்தார்.

“வளரும்,” என்றாள் சந்தனமாரி.

நடுவர் மெட்டில்டாவைப் பார்த்தார். ஊரே பார்த்தது. மெட்டில்டா ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, கான்வென்ட் ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: “இந்த ஊரில் ஒன்றுக்கு எப்படி ஒரு பேர் உண்டோ, பத்துக்கு அதுதான் பேர். அன்றைக்கு ஒன்றை எழுதிக்கொண்டீர்கள் அல்லவா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பலகையில் முதல் வரியில் மெட்டில்டா என்று ஏறியது. மழையில் சாக்பீஸ் கரைவதற்குள் ஊர் முழுக்க அதைப் படித்துவிட்டது. அதன் கீழே ‘உதவி’ என்று எழுதி நடுவர் நிறுத்தியபோது, அவள் சாக்பீஸைப் பிடுங்கி, ரெமிஜியஸ், சந்தனமாரி என்று இரண்டு பெயரையும் தானே எழுதினாள், அதே பெரிய எழுத்தில். ஹவ்லிக் கைகுலுக்கிவிட்டு, மக்ரூன் நாலு பெட்டி வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

கோப்பை அவர் நாட்டுக் கண்ணாடி, ஒரு படி பிடிக்கும். ஷோகேஸில் வைத்துத் தினமும் தூசி தட்ட யாருக்கு நேரம் இருக்கிறது என்று மெட்டில்டா அதை அடுப்படிக்குக் கொண்டுபோய், சந்தனமாரி முந்தானையில் முடிந்து கொடுத்த மூன்று முனை உப்பைக் கொட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி போயிற்று. தையில் சந்தனமாரி அம்பாரத்தை எழுப்பினாள். சண்முகக்கனியின் முட்டை பழையபடி ஒருநாள் கல், ஒருநாள் கஞ்சி. சாமியார் பிரசங்கம் நீண்டுவிட்டது. சூசையளத்தில் எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது, கோப்பையைத் தவிர.

நெத்திலிக் குழம்பில் கோப்பையிலிருந்து ஒரு பிடி உப்பு அள்ளிப் போடுகிறவளை, கட்டுப் பிரித்த கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே ரெமிஜியஸ் ஒருநாள் பார்த்தார்.

“ஏட்டி, நாலு மாசமா அதுலதான அள்ளுத? இன்னும் கழுத்து மட்டத்துக்கு இருக்கே. எத்தனை பிடிதான் இருக்கும் அதுல?”

அடுப்பில் பால் மேலே வந்துகொண்டிருந்தது. மெட்டில்டா அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“எண்ணாமச் சாப்பிடுங்க,” என்றாள்.